கோர்ட்டைக் கட்டினவர்

மார்ச் 4, செவ்வாய்

உறுதியானது: ஏரி வீடு, பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் வரைவுப் பட்டியலில் பதினேழாவதாக இடம்பெற்றிருக்கிறது. ஆதாரம்: பாரம்பரியக் கட்டடக் குழுவின் செயலாளர், தொலைபேசியில், காலை 10.40. இது இறுதிப் பட்டியல் அல்ல. ஆட்சேபங்களையும் சான்றுகளையும் ஏப்ரல் 3 மாலை ஐந்து மணி வரை வாங்குவார்கள்.

பட்டியலில் சேர்த்ததற்கான காரணத்தை அவர் வாசித்துக் காட்டினார்: "நகர நீதிமன்றத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் வரைந்த ஒரே கோடை வீடு." பிறகு, "உங்க கட்டுரையிலேர்ந்து எடுத்ததுதான் சார், முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி வந்தது" என்றார். எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்.

அப்பாவின் உயிலில் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு வரி. ஏரிக்கரை நிலம் தம்பிக்கு. அதில் உள்ள வீட்டில், "வீடு நிற்கும் வரை", அக்கா குடியிருக்கலாம். எனக்குப் புத்தகங்களும் அவற்றை வைக்க ஓர் அலமாரியும். நிலத்தை ஒரு ஓட்டல் கம்பெனிக்குக் கொடுக்கத் தம்பி பேசி முடித்துவிட்டான். அவர்களுக்கு வெறும் மனை வேண்டும். வீட்டை இடித்தால் உயிலில் அக்காவின் வரியும் அதோடு போகும். எழுபத்தொரு வயதில் அவள் பெட்டியைத் தூக்க வேண்டும். பட்டியலில் ஏறிவிட்டால் கூரையின் ஒரு ஓட்டைக்கூட யாரும் எடுக்க முடியாது.

மார்ச் 5, புதன்

காலை ஆறரைக்குத் தம்பியின் அழைப்பு. நலம் விசாரிக்கும் வழக்கத்தை அவன் விட்டுப் பல வருடம் ஆகிறது.

"என்ன பேப்பர் அண்ணா, சந்தோஷமா? அப்பா விட்ட டூப்ப நீ அச்சுல போட்ட. இப்ப அது சட்டமாவே வரப்போகுது."

"டூப்புன்னு யார் சொன்னது?"

"ஒரு வரைபடம் காட்டு. ஒரே ஒரு பேப்பர். உனக்குத்தான் பேப்பர்னா உசிராச்சே."

வைத்துவிட்டான். அவனைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதலாமா என்று யோசித்தேன். கார் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

மார்ச் 6, வியாழன்

ஏரி வீடு. இரண்டு வருடம் கழித்துப் போகிறேன். கதவைத் திறந்த அக்கா, "வழி தெரிஞ்சுதா?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

ஒரு பழைய நிருபனாக வீட்டை மறுபடி பார்த்தேன். முன்பாதி தரையில், பின்பாதி தண்ணீருக்கு மேல், கல்தூண்களின் மீது. ஏரிப் பக்கத் தாழ்வாரத்தில் பலகைகளுக்கு இடையே சுண்டுவிரல் அகலம் இடைவெளி; தண்ணீரைத் தொட்ட காற்று அதன் வழியாகக் காலுக்கு வருகிறது. மேற்கு ஜன்னல்கள் வடக்கு ஜன்னல்களில் பாதி அகலம்தான். சாயங்கால வெயில் ஏரியில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும் என்பதை யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஓட்டுக்குக் கீழே பலகைத் தளம். இரண்டுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பரண், சூடு வெளியேற இருபுறமும் துவாரம். கூடத்துத் தரை ஏரியை நோக்கி ஒரு விரல்கடை சரிந்திருக்கிறது. பலர் அதைக் கோணல் என்பார்கள். கழுவிவிட்ட தண்ணீர் தானாக வெளியே ஓடுவதைப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். பின்னால் அப்பா ஒட்டவைத்த சிமெண்ட் சமையலறை மட்டும் நல்ல துணியில் சாக்கு வைத்துத் தைத்தது போல.

குழு அனுப்பிய கட்டட ஆய்வாளர் அங்கே இருந்தார். முப்பது வயதுப் பெண், காதில் பென்சில், கழுத்தில் அளவு டேப். "சார், உங்க கட்டுரையத் தவிர வேற ஆதாரம் நாலு இருக்கு. ஆனா மூல வரைபடம் ஒண்ணுமே கிடைக்கல. உங்க தம்பி கேப்பார்" என்றார்.

"நீங்க யார் பக்கம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்குப் பக்கமெல்லாம் இல்லம்மா. மரம், கல்லு, அவ்வளவுதான்."

அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. அவருக்குக் காபி வந்தது. எனக்கு வரவில்லை.

கிளம்பும்போது அக்கா: "கமிட்டிக்கு எழுத்துல கொடு. நீ எழுதினது அத்தனையும் நெசம்னு கையெழுத்துப் போட்டுக் கொடு. வாழ்நாள்ல எனக்குன்னு ஒண்ணு செய்."

மார்ச் 9, ஞாயிறு

அந்த நான்கு ஆதாரங்களையும் வரவழைத்துப் படித்தேன். சுற்றுலாக் கையேடு, ஒரு மாணவரின் ஆய்வேடு, நீதிமன்றப் பவள விழா மலர், ஓர் இணையப் பக்கம். நான்கும் அந்தக் கட்டடக் கலைஞர்தான் என்கின்றன. நான்கும் "பதினாறு கல்தூண்கள்" என்றும் சொல்கின்றன.

வியாழனன்று ஏரிப் படியில் நின்று எண்ணினேன். பதினாலு வந்தது. தண்ணீருக்குள் இரண்டு மறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்று அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதினாலு."

"நல்லா எண்ணிப் பாத்தியாக்கா?"

"முப்பத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவகிட்ட எண்ணிப் பாத்தியான்னு கேக்கறான். நீ பதினாறுன்னு எழுதினப்பவே தப்புன்னு லெட்டர் போட்டேன். பதில் போட்டியா நீ?"

போடவில்லை.

பதினாறு என்பது என் பிழை. உலகத்தில் அது என் கட்டுரையில் மட்டும்தான் பிறந்தது. அது நான்கிலும் இருக்கிறதென்றால் நான்கும் என் வயிற்றில் பிறந்தவை. நாலு சாட்சி இல்லை. ஒரே சாட்சி, நாலு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

மார்ச் 11, செவ்வாய்

தம்பியின் வக்கீல் ஆட்சேபம் தாக்கல் செய்துவிட்டார். ஆதாரம்: செயலாளர். சாரம்: கட்டடக் கலைஞர் பற்றிய செய்தி ஒரு தந்தையின் வீண் பெருமை, மகன் அதை விசாரிக்காமல் பிரசுரித்தார்.

வீண் பெருமை. தம்பி சொல்லிக்கொடுத்த வார்த்தை. அப்பா இறந்த மறுநாள்கூட இதைச் சொல்லிச் சிரித்தான் — "கோர்ட்டு கட்டின ஆளே நம்ம வீட்டையும் கட்டினாராம்." நான் அன்றைக்கு அவனைக் கண்டிக்கவில்லை. எனக்கும் உள்ளூரச் சந்தேகம் இருந்தது. அப்பா கொஞ்சம் பீற்றிக்கொண்டிருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

எனக்கு வந்த அலமாரியின் கீழ்த்தட்டில் என் பழைய குறிப்பேடுகள். நாற்பத்திரண்டாம் எண். அட்டை உப்பியிருக்கிறது, எழுத்து அழியவில்லை. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"அப்பா: கோர்ட்டைக் கட்டினவர்தான் இதையும் கட்டினார். (அப்பாவுக்கு அப்போது 8 வயது. கூடவே நின்று பார்த்தவர்.) படம் ஏதாவது? — சிரிக்கிறார். 'படமா? அவரு தரையில கரிக்கட்டியால ஒரு கோடு போடுவாரு. அதோட சரி.'"

கட்டினவர்.

கோர்ட்டைக் கட்டினவர் என்றுதான் சொல்லியிருக்கிறார். வடிவமைத்தவர் என்று சொல்லவே இல்லை. கட்டடக் கலைஞர் எங்கேயாவது தரையில் கரிக்கட்டியால் கோடு போடுவாரா? மேஸ்திரி போடுவார், தச்சர் போடுவார். எட்டு வயதுப் பையனுக்குத் தெரிந்தது முப்பத்தைந்து வயது நிருபனுக்குத் தெரியவில்லையா?

தெரிந்திருக்கும். கட்டினவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. வடிவமைத்தவருடைய பெயர் கோர்ட்டு வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறது. பெரிய பெயர் இருந்தால் ஞாயிறு மலரில் முழுப் பக்கம், இல்லையென்றால் அரைப் பக்கம். நான் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். முழுப் பக்கம் வாங்கினேன்.

மார்ச் 15, சனி

இன்னொன்றும் ஞாபகம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

கட்டுரை வந்த அன்று அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கட்டினவர்னுதானேப்பா சொன்னேன்."

நான் என்ன சொன்னேன்? "ரெண்டும் ஒண்ணுதாம்பா. பத்திரிகைல அப்படித்தான் எழுதுவோம்."

அவர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. தம்பி கிண்டல் பண்ணியபோதெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஏன்பா? ஒரு தடவ சொல்லிருக்கலாமே, நான் சொல்லல, இவன்தான் எழுதினான்னு. மானம் போகக் கூடாதுன்னு பாத்தீங்களா? என் மானம்?

மார்ச் 17, திங்கள்

அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். குறிப்பேட்டையும் காட்டினேன். படித்தாள். மூடினாள்.

"வாய மூடிட்டு இரு."

"அக்கா, இது தப்பு. திருத்தம் போடணும்."

"ஏப்ரல் மூணு தாண்டட்டும். அப்புறம் உன் திருத்தத்தப் பட்டமாக் கட்டிப் பறக்க விடு. முப்பத்தோரு வருஷம் தூங்கின நேர்மைக்கு இன்னும் பதினேழு நாள் தூங்க முடியாதா?"

"அவன் அப்பாவப் பொய்யன்னு எழுதிக் கொடுத்திருக்கான்."

"அப்பா செத்தாச்சு. அவருக்கு வீடு வேண்டாம். எனக்கு வேணும். உனக்கு உன் பேர்ல ஒரு கறை. அதத் துடைக்க என் கூரையப் பிச்சு எடுக்கற."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க வீடு வரை முயன்றேன். கிடைக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆனாலும் போடத்தான் வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

பத்திரிகை அலுவலகம். செய்தி ஆசிரியர் என் பெண்ணைவிட இளையவர். "முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தின கட்டுரைக்குத் திருத்தமா சார்? நேத்து வந்ததுக்கே நாங்க போடறதில்ல."

"இது இன்னும் நடந்துக்கிட்டு இருக்கற செய்தி" என்றேன்.

நாலு வரி எழுதிக் கொடுத்தேன். குழுவுக்கும் ஒரு பிரதி.

மார்ச் 23, ஞாயிறு

வந்துவிட்டது. இரண்டாம் பக்கம், கீழே, காணாமல்போன பூனை விளம்பரத்துக்கு மேலே. "வடிவமைத்தவர் என்பது தவறு. கட்டினவர் என்பதே தகவல் அளித்தவரின் சொல். தூண்கள் பதினாலு. பிழைகள் நிருபருடையவை."

முழுப் பக்கத்தில் செய்த தப்புக்கு நாலு வரி.

மார்ச் 24, திங்கள்

தம்பி. குரலில் தேன். "ரொம்ப நன்றி அண்ணா. வக்கீல் உன் திருத்தத்தை அப்படியே ஆட்சேபத்தோட இணைச்சிட்டார். நான் சொல்லிச் செஞ்சிருந்தாக்கூட நீ இவ்வளவு சுத்தமா செஞ்சிருக்க மாட்ட."

போனைத் துடைத்து வைத்தேன். உண்மையாகவே துடைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

அக்காவிடமிருந்து செய்தி, ஒரே வரி: "இனிமே நீயும் வராதே, உன் கமிட்டியும் வரவேண்டாம்." புள்ளி வைத்திருக்கிறாள். அவள் ஒருபோதும் புள்ளியை மறக்க மாட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

ஆய்வாளர் கூப்பிட்டார். மற்ற எல்லாரும் திருத்தத்தில் "தவறு" என்ற சொல்லைப் படித்திருக்கிறார்கள். இந்தப் பெண் அடுத்த வரியைப் படித்திருக்கிறார்.

"கட்டினவர்னா யார் சார்?"

"பேர் தெரியாது."

"பேர் வேண்டாம். கோர்ட்டையும் வீட்டையும் கட்டினது ஒரே ஆளான்னு பாக்கணும். அந்தக் காலத்துக் கூரைத் தச்சர்கள் மரத்தைத் தரையில பொருத்திப் பாத்துட்டு, ஓட்டைத் தாங்கற ஒவ்வொரு கைமரத்துலயும் உளியால எண் வெட்டி மேல ஏத்துவாங்க. ஆளுக்கு ஆள் வெட்டு மாறும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கோர்ட்டு கூரையப் பிரிச்சப்போ எடுத்த படங்கள் என்கிட்ட இருக்கு. ஏரி வீட்டுப் பரண்ல ஏறணும். வழி உங்க அக்கா ரூம்லதானே?"

"அக்கா கதவத் திறக்க மாட்டா."

"அப்ப மூணாந்தேதிக்கு அப்புறம் பட்டியல்ல பதினேழாம் எண் இருக்காது சார். வடிவமைத்தவர்ங்கற காரணம் போச்சு. கட்டுமான முறைங்கற வகைக்கு மாத்தலாம். அதுக்குச் சான்று வேணும்."

மார்ச் 30, ஞாயிறு

அக்காவுக்கு ஆறு அழைப்பு. எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

காலை ஒன்பதரை. ஆய்வாளரும் நானும் கதவுக்கு வெளியே. ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியாக அக்காவின் கண்ணாடி தெரிந்தது.

"யாரு?"

"நான்தான்."

"ஊர்ல எல்லாருமே நான்தான்."

"அக்கா, பரண்ல மரத்துல ஏதாவது எண் வெட்டியிருக்கான்னு இவங்க ஒரு தடவ பாக்கணும்."

"இருக்கான்னா கேக்கற?" சட்டங்களுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை. "கைமரம் இருபத்திரெண்டு. ஒவ்வொண்ணுலயும் வெட்டியிருக்கு. வடக்குலேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு வரும். பத்தொம்பது ரெண்டு தடவ வரும். இருபது கிடையாது. நேரா இருபத்தொண்ணு. பத்து வயசுல மெழுகுவத்தி எடுத்துட்டுப் போய் எண்ணிப் பாத்து அப்பாகிட்ட, கட்டினவருக்குக் கணக்கு வராதான்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சார்."

ஆய்வாளர் பையைக் கீழே போட்டுவிட்டார். "அம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க. இருபது இல்லையா?" அவர் கை போனில் எதையோ தள்ளிக்கொண்டே போனது. நின்றது. என்னிடம் நீட்டினார். கோர்ட்டு கூரை, தூசிக்கு நடுவே கைமரங்கள், ஒவ்வொன்றிலும் உளிக் கீறல். நாற்பது மரம். பத்தொன்பது. பத்தொன்பது. இருபத்தொன்று.

"என்னோட ரிப்போர்ட்ல இதை, மரம் மாத்தினப்போ நடந்த குளறுபடின்னு எழுதியிருந்தேன் சார்" என்றார் மெதுவாக.

நான் அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "இத ஏன்க்கா இத்தனை வருஷம் சொல்லல?"

"கேட்டியா?"

கதவு இன்னும் மூடித்தான் இருந்தது.

"அப்பாவக் கேட்ட. படகுக்காரரக் கேட்ட. நகராட்சி கிளார்க்கக்கூடத் தேடிப் போய்க் கேட்ட. அந்தக் கட்டுரைல நம்ம வீட்டு நாய்க்கு ரெண்டு வரி இருக்கு. அன்னைக்கு அந்த வீட்டுல நானும் இருந்தேன்டா. உனக்கு டீ போட்டுக் கொடுத்தது யாரு?"

அவள் கணவரை விட்டுவிட்டு வந்த வருடம் அது. பத்திரிகையில் அவள் பெயர் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவளை விட்டுவிட்டேன். அவளுக்காகச் செய்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் சத்தம். கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது.

"அந்தப் பொண்ணு வரட்டும். நீ வெளியவே நில்லு."

ஒன்றரை மணி நேரம் நின்றேன். ஏரிக்கு இறங்கும் படிகளை எண்ணினேன். தண்ணீருக்கு மேலே ஏழு. கீழே நான்கு. மறுபடி எண்ணினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

தாக்கல் செய்தாயிற்று, மாலை 4.20. குறிப்பேடு எண் 42, மூலப் பிரதி. இரண்டு கூரைகளின் உளிக் குறிகள், படங்களுடன். அக்காவின் வாக்குமூலம், ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. இரண்டு கூரையிலும் இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மர முளை என்று ஆய்வாளரின் குறிப்பு.

வராந்தாவில் தம்பி. வக்கீல் கூட இல்லை.

"பேரே இல்லாத ஒரு தச்சன் கட்டின வீட்ட எவன் பாதுகாப்பான்?"

"அத அவங்க முடிவு பண்ணட்டும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. அப்பா டூப் விடல. விட்டது நான்."

படியிறங்கப் போனவன் திரும்பினான். "அத முப்பது வருஷத்துக்கு முன்னாடி சொல்லிருந்தா—" நிறுத்திவிட்டுக் கார் சாவியைத் தேடினான். "சொல்லிருந்தா மட்டும் என்ன? ஒண்ணும் ஆயிருக்காது." போய்விட்டான். கார் இன்றைக்கு அழுக்காக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டைப் பற்றி முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன், குழு கேட்ட வரலாற்றுக் குறிப்புக்காக. இரண்டு பக்கம் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே பதினோரு கேள்விகள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

திரும்பி வந்தது. சிவப்பு மையில் திருத்தியிருக்கிறாள். "ஜன்னல் பாதி அகலம் இல்லை. ஐந்தில் மூன்று. அளந்து எழுது." கேள்விகளில் ஒன்பதுக்குப் பதில். இரண்டுக்கு எதிரே: "உனக்கெதற்கு?" உறையில் வேறு ஒரு சொல் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

உறுதியானது: பதினேழாம் எண் "வடிவமைப்பாளர்" வகையிலிருந்து "கட்டுமான முறை" வகைக்கு மாற்றிப் பரிசீலிக்கப்படுகிறது. ஆதாரம்: செயலாளர், கடிதம் மூலம். உறுதியாகாதது: அந்த வகையில் அது ஏறுமா என்பது. 3ஆம் தேதி தம்பி கொடுத்த இரண்டாவது ஆட்சேபமும் பரிசீலனைக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. குழு 22ஆம் தேதி நேரில் பார்க்க வருகிறது. தச்சரின் பெயர் இன்னும் தெரியவில்லை. நீதிமன்றப் பழைய கூலிப் பதிவேடுகளை ஆய்வாளர் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார்.

நேற்று மத்தியானம் ஏரிப் பக்கம் பெருங்காற்று. இன்று காலை 7.15க்குப் போன் அடித்தது. அக்கா. அவளாகக் கூப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

"ரெண்டு ஓடு போச்சு. வீடு நிக்குது. எழுதிக்கோ."

"எழுதிக்கறேன்."

"யார் சொன்னதுன்னும் எழுது." வைத்துவிட்டாள்.

வீடு நிற்கிறது. ஆதாரம்: அக்கா. குழுவின் முடிவு ஏப்ரல் 30, புதன், மாலை ஐந்து மணிக்குள்.